எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

2020 மார்ச் 10ஆம் திகதி கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் ஐசோல் அணியை 1-0 என்று வென்று ஐ-லீக் சம்பியன் ஆனது. நான்கு நாள் கழித்து கோவாவில், பார்வையாளர் இல்லாத மைதானத்தில், அதே கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று தோற்கடித்து இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. 2014, 2016க்குப் பிறகு அது அவர்களுடைய மூன்றாவது கிண்ணம். சில மாதங்களில் இரு கழகங்களும் இணைந்தன. புதிய கம்பனியில் ஏ.டி.கே. உரிமையாளர்களுக்கு 80 வீதப் பங்கு. நிறம் மோகன் பகானின் பச்சையும் மெரூனும், சின்னம் அவர்களுடைய பாய்மரப் படகு. பெயர் மட்டும் ஏ.டி.கே. மோகன் பகான்.

அப்படியென்றால் அந்த மூன்று கிண்ணங்களும் யாருடையவை?

உதைபந்தாட்ட உலகில் இந்த மாதிரிச் சச்சரவுகளில் ரசிகர்கள் கூடுதலாகத்தான் கேட்பார்கள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்த 1937இல், குடியரசின் பக்கம் இருந்த பகுதியில் நடந்த ஒரு கிண்ணப் போட்டியில் லெவாந்தே கழகம் தன் ஊர் எதிரியான வலென்சியாவை 1-0 என்று வென்றது. போரில் வென்றவர்கள் அந்தக் கிண்ணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்பெயின் சம்மேளனம் அதை அங்கீகரித்தது 2023இல். விளையாடிய தலைமுறை போய், பேரப்பிள்ளைகளின் காலம் வரைக்கும் அந்த ஒரு கிண்ணத்தை விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

கொல்கத்தாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. மோகன் பகான் ரசிகர்கள் கைக்கு வந்த மூன்று கிண்ணங்களையும் வேண்டாம் என்றார்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் மூன்று எழுத்தையும் எடு என்று போராடினார்கள். 2023 மார்ச் 18இல் பெங்களூரு அணியைப் பெனால்டியில் வீழ்த்திக் கிண்ணம் வென்ற அன்றிரவே உரிமையாளர் இறங்கி வந்தார். அடுத்த பருவத்திலிருந்து பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்ஸ் என்று அறிவித்தார்.

உளவியல் படித்தவர்களுக்கு இது புதிராகத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைகளில் மாணவர்களின் உடையைக் கவனித்தார்கள். வார இறுதியில் தங்கள் அணி வென்றிருந்தால், பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டை அணிந்து வருபவர்கள் கூடினார்கள். பிறர் வென்ற வெற்றியின் வெளிச்சத்தில் நிற்பதற்கு மனித மனம் அவ்வளவு ஆசைப்படுகிறது. அந்த ஆசைதான் எல்லாம் என்றால், மூன்று கிண்ணங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஆதாரம் காட்டி வாதம் செய்தாலும் இந்தச் சண்டைகள் தீர்வதில்லை. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த முரட்டுத்தனமான ஓர் அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டியின் படச்சுருளை, ஹஸ்டோர்ஃப், கான்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஓடியது ஒரே படம். டார்ட்மத் அணி செய்த தவறுகளை டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கண் பார்க்கும்போதே பக்கம் சேர்ந்துவிடுகிறது.

கொல்கத்தாப் புதிரை அவிழ்க்க, எனக்குத் தெரிந்தவரை, டண்டீ பல்கலைக்கழகத்தின் ஃபாபியோ சானி 2007இல் கூட்டாளிகளோடு முன்வைத்த கருத்துத்தான் அதிகம் உதவுகிறது. ஒரு கூட்டம் தன்னைக் காலத்தின் ஊடே தொடர்ந்து வரும் ஒன்றாக உணர்வதற்கு இரண்டு இழைகள் வேண்டும் என்றார்கள். வழக்கங்களும் நம்பிக்கைகளும் தலைமுறை தாண்டிக் கைமாறுவது ஒன்று. நடந்தவையெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து ஒரே கதையாகக் கோர்த்து நிற்பது மற்றது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யோர்க்‌ஷயர் படையணியை 2-1 என்று வென்ற மோகன் பகானின் கதையில் 2014இன் ஏ.டி.கே. வரவே இல்லை. ஏ.டி.கே.யின் வெற்றிக்காக மோகன் பகான் ரசிகர்கள் ஏங்கவும் இல்லை, அதன் தோல்விகளுக்கு அழவும் இல்லை. பங்குப் பத்திரம் கிண்ணத்தைக் கைமாற்றலாம், கதையை மாற்றாது.

நம் மலையகத்துத் தேயிலைக்கும் இப்படி ஒரு பட்டம் உண்டு, முதலில் தொடங்கியவர் யார் என்ற பட்டம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில், 19 ஏக்கரில், ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். பங்களா விறாந்தையே அவருடைய முதல் தொழிற்சாலை. கொழுந்தை மேசையில் கொட்டிக் கையாலேயே உருட்டினார்கள். மண் அடுப்பில், கரி நெருப்பின் மேல் காயவைத்தார்கள். அந்த ஆண்டை வைத்துத்தான் 2017இல் நாடு இலங்கைத் தேயிலையின் 150ஆம் ஆண்டைக் கொண்டாடியது.

ஆனால் 1839இலேயே பேராதனைப் பூங்காவுக்கு அசாம் தேயிலை விதை வந்துவிட்டது. 1841இல் புஸ்ஸல்லாவ ரொத்சைல்ட் தோட்டத்தில் டி வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலை நட்டிருக்கிறார்கள், டெய்லருக்கு 26 வருஷம் முன்னால். பட்டம் அவர்களுக்குப் போகாததற்குக் காரணம், அந்தக் கன்றுகளிலிருந்து கதை நீளவில்லை. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்து, தோட்டம் தோட்டமாகக் கோப்பி அழிந்தபோது, துரைமார் திரும்பிப் பார்த்தது டெய்லரின் மலையைத்தான். சானி சொன்ன இரண்டாவது இழை இதுதான்.

துரைமாரின் கணக்கு அது. அந்த மலையைக் கொத்தி நட்ட சனங்களின் கணக்கு வேறு. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் போட்ட கோப்பித் தோட்டத்தை நினைத்து, மலையகத் தமிழர் தங்கள் வரலாற்றை 1823இலிருந்து எண்ணுகிறார்கள். தேயிலையின் 1867ஐ நம் தொடக்கமாக வைத்தால் 44 ஆண்டு மனிதர்கள் காணாமல் போவார்கள். இராமேஸ்வரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் காட்டு வழியே கங்காணிமார் பின்னால் நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த 44 ஆண்டுக்குள்தான். ஒரு தேயிலைக் கொழுந்தைக்கூடப் பார்க்காதவர்கள் அவர்கள்.

2023இல், 200 ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்து போனார்கள் நம் சனங்கள். லூல்கந்துரவுக்கு அந்த நடை போகவில்லை.