செவிக்கும் எட்டும் எழுத்து

அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமான 'அபஸ'வின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. அவரே பின்னர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பினையும் ஏற்றார். இவ்வரலாற்றைப் போற்றும் நாம், சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பார்வையற்ற மாணவர்க்கு எத்தகைய பாடக்குறிப்பினை அளிக்கின்றோம் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணிப்பொறியில் உள்ளதை அவர்கள் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் வாயிலாகச் செவியால் அறிகின்றனர். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற 'என்.வி.டி.ஏ.' விலையின்றிக் கிடைக்கின்றது, தமிழையும் ஒலிக்கின்றது. ஆயின், அது எழுத்தின் வடிவத்தைக் காண்பதில்லை; அதற்குரிய குறியீட்டெண்ணையே படிக்கின்றது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' எனத் தோன்றுவது, உள்ளே 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஆங்கிலக் குறிகளே. கண்ணுக்கு அன்னையாகத் தெரிவது காதுக்கு வெற்றொலியாகின்றது. ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனி எண்கள் உண்டு. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆகவே, ஒருங்குறியில் தட்டச்சு செய்தலே முதற்படி.

இரண்டாவது, தலைப்பு. எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. வேர்டு, ரைட்டர் ஆகிய சொற்செயலிகளில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்னும் பாணிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால், கேட்போர் நாற்பது பக்கங்களையும் முதலிலிருந்து கேளாமல், வேண்டிய பகுதிக்குத் தாவிச் செல்லலாம்.

மூன்றாவது, படம். படத்திற்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' எனப்படும் மாற்று உரை எழுதுதல் வேண்டும். 'மலைப்படம்' என்பது போதாது. 'ஒற்றைப் பாறைக் குன்றின் உச்சியில் நாமக்கல் கோட்டையின் மதில்' என்றால் கேட்பவர் மனத்தில் காட்சி எழும்.

நான்காவது, அட்டவணை. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் குறிக்கும் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி நிரல்களை அமைத்தால், எண்கள் பொருளற்று உதிரும். முறையான அட்டவணையாக அமைத்து, முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறித்தால், எந்த எண் எந்த நாளுக்குரியது என்பது விளங்கும். கட்டங்களை ஒன்றோடொன்று இணைப்பதைத் தவிர்த்தல் நன்று. 'சிவப்பில் உள்ளவை முக்கியம்' என நிறத்தால் மட்டும் உணர்த்துவதும் கூடாது.

இறுதியாக, வேர்டிலுள்ள 'செக் அக்சஸிபிலிட்டி' என்னும் வசதியைக் கொண்டு பிழைகளைத் தேடலாம். எனினும், மாற்று உரை பொருத்தமாக உள்ளதா என்பதை மனிதரே தீர்மானித்தல் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கல்வியில் அணுகலை உரிமையாகவே வகுத்துள்ளது. எனவே இது இரக்கத்தால் செய்யும் ஈகை அன்று. பழைய எழுத்துருக்களில் உறங்கும் பாடக்குறிப்புகளை எழுத்துரு மாற்றியால் ஒருங்குறியாக்கி, மெய்ப்புப் பார்த்து வைக்கும் பணியை மாணவர் குழுக்கள் ஏற்கலாம், ஆசிரியர்கள் வழிகாட்டலாம், சமுதாயப் பெரியோர் துணைநிற்கலாம். நாம் எழுதுவது எல்லார்க்கும் எட்டும்போதே கல்வி பொதுவுடைமையாகும்.