மச்சுப் பலகைக்கு ஏற்ற மரம் எது?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டாரத்தில் வீடு கட்டும் சிறு விவசாயிகள் தரைக்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிடுகின்றனர். ஆனால் ஓட்டு வீட்டில் நெல், நிலக்கடலை, விதைப் பயறு ஆகியவற்றைப் போட்டு வைக்கும் மச்சுக்கு மரப்பலகைதான் பாவ வேண்டியுள்ளது. இதற்கு மரம் தேர்ந்தெடுப்பதில் தவறு நேர்ந்தால் இரட்டை நஷ்டம். கிணற்றடியில் நின்ற முதிர்ந்த வேம்பு விறகு விலைக்குப் போய்விடுகிறது. அந்தப் பணத்தோடு கடனும் சேர்த்து வாங்கிய இளந்தேக்குப் பலகையைச் சில ஆண்டுகளில் கறையான் அரித்துவிடுகிறது.

வைரமே முக்கியம்

மரத்தின் பெயரைவிட அதன் வைரத்தைப் பார்ப்பதே முக்கியம். அடிமரத்தை அறுத்துப் பார்த்தால், நடுவில் நிறம் அடர்ந்த பகுதியும் அதைச் சுற்றி வெளிறிய பகுதியும் தெரியும். நடுப்பகுதி வைரம். இதில் பூச்சிக்கும் பூசணத்துக்கும் ஒவ்வாத பொருள்கள் படிந்துள்ளன. வெளிப்பகுதியான வெள்ளைக்கட்டையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருப்பதால் வண்டும் கறையானும் அதையே முதலில் தாக்கும். தேக்கின் வெள்ளைக்கட்டையும் இதற்கு விலக்கல்ல. பத்துப் பன்னிரண்டு வயதுத் தேக்கில் வெள்ளைப் பகுதி மிகுதி. எனவே மரவாடியில் பலகை வாங்கும்போது, வர்ணமோ பாலிஷோ பூசாத பலகையாகக் கேட்டு, அதன் வெட்டு முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளூர் மரங்கள்

வேம்பு, பூவரசு, நாட்டுக் கருவேல், பலா ஆகியவற்றின் முதிர்ந்த வைரம் மச்சுப் பலகைக்கு ஏற்றது. ஆலங்குடி, வடகாடு பக்கம் காய்ப்பு ஓய்ந்த பலா மரங்கள் கிடைக்கும். மா மரத்தை வண்டு எளிதில் துளைக்கும், தவிர்ப்பது நல்லது. சில ஆண்டுகளில் வெட்டும் இளந்தைல மரம் காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும், பலகைக்கு ஆகாது.

பனையில் நிலைமை நேர்மாறு. அதன் உறுதி வெளிப்புறத்தில் உள்ளது; நடுப்பகுதி சோறு போன்றது. முதிர்ந்த பனையின் அடிப்பாகத்து வெளிக்கட்டை, பலகையைத் தாங்கும் சட்டத்துக்கு ஏற்றது. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்துள்ளது. ஆகவே பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் பனஞ்சட்டத்தைப் பயன்படுத்தலாம். மற்ற மரங்களை வெட்டுமுன்பும் கிராம நிர்வாக அலுவலரிடம் விதிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கரிமூட்டத்துக்குப் பயன்படும் சீமைக் கருவேலையும் ஒதுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கு நெருங்கிய இனமான மெஸ்கீட் மரத்தில் வீட்டுத் தளம் போடுகின்றனர். அங்குள்ள சான் அன்டோனியோ நகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெருவுக்கே அம்மரக் கட்டைகளைப் பாவினர். காயும்போது மிகக் குறைவாகச் சுருங்குவதே இவ்வின மரங்களின் சிறப்பு. மரம் கோணலாக வளர்வதால் நீளப் பலகை கிடைக்காது. பருத்த அடிமரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடித் துண்டுகளை அறுத்து, சட்டத்துக்குச் சட்டம் பொருத்தலாம்.

பச்சை மரம் ஆகாது

நல்ல வைரமானாலும் ஈரத்தோடு பாவினால் கெடும். பச்சைப் பலகை காயும்போது அகலத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்குவதாகக் கொள்வோம். ஆறு அங்குலப் பலகைகளுக்கு இடையே ஏறக்குறைய கால் அங்குல இடுக்கு விழும். நெல்மணி அதன் வழியே தாராளமாகக் கொட்டும். நான்கு அங்குலப் பலகையில் இடுக்கும் அந்த அளவுக்குச் சிறியதாகும். எனவே குறுகிய பலகையே மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை மாதத்தில் மரத்தை வெட்டி உடனே அறுக்க வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் வர்ணம் அல்லது தார் பூசினால் வெடிப்பு குறையும். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இரண்டு அடிக்கு ஒரு குறுக்குக் குச்சி வைத்து அடுக்க வேண்டும். குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேராக அமையாவிட்டால் பலகை வளையும். ஒரு பலகையை வாரந்தோறும் எடை போட்டு வர வேண்டும். எடை குறைவது நின்றால் பலகை காய்ந்துவிட்டது என்று அறியலாம்.

கறையானுக்குக் காப்பு

வெள்ளைக்கட்டை கலந்த பலகையைத் தவிர்க்க முடியாவிட்டால், 100 லிட்டர் தண்ணீரில் போரிக் அமிலம் 2 கிலோ, வெங்காரம் 3 கிலோ கரைத்து, அறுத்த பச்சைப் பலகையைச் சில நாள் ஊற வைத்து, பிறகு நிழலில் காய வைக்கலாம். நனையும் இடத்தில் இம்மருந்து கரைந்து போய்விடும். இத்தகைய பலகை மீது தானியத்தை நேரடியாகக் கொட்டாமல் சாக்கில் கட்டி வைக்க வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தை மச்சுப் பலகையில் பூசவே கூடாது.

சட்டத்தின் முனையை மண் சுவருக்குள் நேராகப் புதைக்காமல், அடியில் கல் வைத்து, காற்றுப் போக இடம் விட வேண்டும். மரத்தூணுக்கு அடிக்கல் அவசியம். கல் மீது கறையான் ஏறினால் அதன் மண்கூடு கண்ணில் படும், உடனே தட்டிவிடலாம். ஓரங்குலப் பலகைக்குச் சட்டங்களின் இடைவெளி ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. மழைக்காலத்தில் பலகை சற்று உப்பும் என்பதால் சுவரோரம் அரை அங்குலம் விட்டுப் பாவ வேண்டும்.

வீடு கட்ட எண்ணும் விவசாயிகள் அஸ்திவாரம் தோண்டும் ஆண்டிலேயே மரத்தைத் தேர்ந்து அறுத்து அடுக்கிவிட்டால், கூரை ஏறும்போது பலகை காய்ந்து தயாராக இருக்கும். விறகுக்குக் கொடுக்குமுன் முதிர்ந்த மரத்தைத் தச்சரிடம் ஒருமுறை காட்டுவது இலாபகரமானது.