நாயின் சொறியும் பயிர் மருந்தும்

காவல் நாய் ஓயாது சொறியுமாயின், பயிருக்குத் தெளித்து மிஞ்சிய பூச்சிநாசினியை அதன் உடலிற் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பெருந்தீங்காகும். அந்நஞ்சு தோலினூடாகவும், நாய் தன்னுடலை நக்கும்போது வாயினூடாகவும் உட்செல்லும். வாய்நீர் வடிந்து, உடல் நடுங்கி, நாய் இறக்கவுங் கூடும். பூசியிருப்பின், கையுறை அணிந்து சவர்க்காரமிட்டு உடனே கழுவி, மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க. கழிவு எஞ்சின் எண்ணெயும் பூசத் தகாதது.

முதலிற் காரணத்தை அறிதல் வேண்டும். வாலடியைக் கடித்துச் சொறிந்தால் பெரும்பாலும் தெள்ளே காரணமாகும். தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும். ஈரமான வெள்ளைத் துணியின்மீது மயிரைச் சீவுக. விழுங் கருந்துகள்கள் சிவப்பாகக் கரைந்தால், அவை தெள்ளின் எச்சமாகும். காதோரத்திலும் முழங்கையிலும் மயிர் உதிர்ந்து பொருக்குக் கட்டினால், கண்ணுக்குப் புலப்படாத சொறிச் சிற்றுண்ணி காரணமாகலாம். இது வீட்டாருக்கும் அரிப்பை உண்டாக்கும்.

தெள்ளின் முட்டைகள் நாயின் உடலில் தங்கா. படுக்குஞ் சாக்கிலும் மணலிலும் உதிர்ந்து பொரிக்கும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்திடுதல் போதாது. சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. படுக்குமிடத்தை நாடோறும் கூட்டுக. வளவிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே வேளையில் மருந்திடுக.

மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு, நாயின் நிறைக்கேற்ற அளவில் உபயோகிக்க. நாய்க்குரிய மருந்து சில பூனையைக் கொல்லும். கூட்டுப்புழுக்களிலிருந்து புதிய தெள்ளுகள் பல வாரங்கள்வரை வெளிவரும். ஆதலால் அரிப்புத் தணிந்ததும் மருந்தை நிறுத்தலாகாது.