ஆக்கியோன் பெயர்: திருச்சானூர், திருப்பதிக் கல்வெட்டுப் பதிப்புகளும் ஆய்வுப் பங்களிப்பை அளவிடும் முறைகளும்

ஆய்வு நூலொன்றின் முகப்பில் நிற்கும் பெயர் இன்று இரு வேலைகளைச் செய்கின்றது. அந்நூலிற் கூறப்பட்டவற்றுக்கு யார் பொறுப்பு என்பதைப் படிப்பவர்க்கு அறிவிப்பது ஒன்று. பல்கலைக்கழக அலுவலகத்தில் மதிப்பெண்ணாக மாறி, பணியமர்வுக்கும் பதவி உயர்வுக்கும் கணக்காவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே என்னும் எண்ணம் ஆய்வுலகிற் பரவலாக உள்ளது. பதிப்பு, மொழிபெயர்ப்பு, களமொழி ஆய்வு ஆகிய துறைகளில் அவை ஒன்றல்ல என்பதைத் திருச்சானூர், திருப்பதி வட்டாரக் கல்வெட்டுகளின் பதிப்பைச் சான்றாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிரம் கேட்கும் செய்திகள்

தமிழிலக்கண மரபுக்கு இக்கேள்வி புதிதன்று. சிறப்புப்பாயிரம் கூறவேண்டிய செய்திகளை நன்னூல் வரிசைப்படுத்துங்கால் ஆக்கியோன் பெயரையே முதலில் வைக்கின்றது. வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அதனைத் தொடர்கின்றன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் எனப் பவணந்தியார் குறிப்பிடுகின்றார். ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’ நிற்பது நோக்கத்தக்கது. இன்னார் செய்தார் என்றவுடன், எதன் வழியாகச் செய்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்காகப் பகுக்கின்றது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். மொழிபெயர்ப்பாளர் இப்பகுப்பில் நூல் செய்தவர் வரிசையிலேயே இடம் பெறுகின்றார். பிறர் நூலை ஏந்திவரும் ஏவலராக அல்லர். தொகுப்பவரும் அவ்வாறே.

பாயிரத்தை நூலாசிரியரே பாடலாகாது என்பதும் மரபு. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே பாடவேண்டும். தன்னைத் தான் புகழ்தல் தகாது எனக் கூறும் நன்னூல் சில விலக்குகளையும் தருகின்றது. அரசவைக்கு விடுக்கும் ஓலை அவற்றுள் ஒன்று. பதவி உயர்வுக்காக ஆசிரியர்கள் ஆண்டுதோறும் நிரப்பும் தன்மதிப்பீட்டுப் படிவத்தை இவ்விலக்கின்கண் அடக்கிக்கொள்ளலாம்.

ஒரு கல்வெட்டுக்கு எத்தனை ஆசிரியர்?

திருச்சானூர் திருப்பதிக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. பழஞ்சாசனங்களில் இது திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சோகினூர் எனக் குறிக்கப்பெறுகின்றது. இங்கும், அருகிலுள்ள யோகிமல்லவரத்திலும், திருப்பதியிலும், திருமலையிலும் உள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவர் காலந்தொட்டு விசயநகர அரசர் காலம் வரை இவை தொடர்கின்றன.

இவற்றைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. தேவஸ்தானச் சாசன ஆய்வாளராக விளங்கிய சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1930இல் விரிவான அறிக்கையொன்றையும், 1931இல் பண்டைக் கல்வெட்டுகள் அடங்கிய முதல் தொகுதியையும் அளித்தார். பின்வந்த தொகுதிகளை வி. விஜயராகவாசாரியர் பதிப்பித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள், மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக, இவ்வரிசையில் வெளிவந்தன. தென்னாட்டுக் கோயிற் பொருளாதாரம், வைணவ வரலாறு, விசயநகர ஆட்சிமுறை பற்றி எழுதுவோர் எவரும் இவ்வரிசையைத் தொடாமற் செல்ல இயலாது.

ஒரு கல்வெட்டு அச்சேறுமுன் எத்தனை கைகளைக் கடக்கின்றது என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவரிற் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கவேண்டும். நனைத்த தாளைக் கல்லின்மேற் பரப்பி, தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளங்களில் தாள் படியுமாறு செய்து, மையொற்றிப் படி எடுக்கவேண்டும். இப்பணியிற் கை சற்றுப் பிசகினும் ஓர் எழுத்து மறைந்துபோகும். மறைந்த எழுத்து ஆண்டெண்ணாகவும் இருக்கலாம். பின்னர்த் தமிழெழுத்தும் கிரந்தமும் கலந்த வரிகளை வாசித்து, புள்ளியில்லா மெய்களை அடையாளங்கண்டு, சொற்பிரித்து, சிதைந்த இடங்களைக் குறித்து, ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் பொது ஆண்டோடு பொருத்தி, நாணயம், நில அளவு, படித்தரப் பொருள்கள் ஆகியவற்றின் பெயர்களுக்குப் பொருள் துணிந்து, இறுதியில் மொழிபெயர்க்கவேண்டும். சாசனத் தொகுதிகளின் முகப்பில் இடம் பெறுபவர் பொதுவாகப் பதிப்பாசிரியர் ஒருவரே. மைப்படி எடுத்தவர் பெயர் அங்கு ஏறுவதில்லை.

அப்பதிப்பாசிரியர் பெயரும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதே வியப்பு. வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் இச்சாசனங்கள் தேவஸ்தான வரிசை, தொகுதி எண், சாசன எண் என்ற அளவிலேயே பெரும்பாலும் சுட்டப்படுகின்றன. சாசனத்தைச் சுட்டுவதாக எழுதுபவர் கருதுகின்றார். ஆயினும் அவர் கையாள்வது கல்லை அன்று. சாஸ்திரியாரின் வாசிப்பையும் சொற்பிரிப்பையும் மொழிபெயர்ப்பையுமே. மேற்கோள் எண்ணும் கணக்கில் அவ்வாசிப்புக்கு வரவு ஏதுமில்லை. மூலத்தைக் காணாது ஆங்கில வடிவத்தை மட்டும் பயன்படுத்தும் ஆய்வாளர், தம் முடிவு பிழையாயின் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதையும் இதனால் மறைத்துவிடுகின்றார். பெயரை விடுவது நன்றிக்கேடு மட்டுமன்று. சான்றின் தன்மையைத் திரிப்பதுமாகும்.

திருநின்றவூருடையான் எழுத்து

திருமலைச் சாசனங்களே எழுத்துரிமை குறித்து ஒரு பாடத்தைத் தம்முள் வைத்துள்ளன. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இங்குப் பொறிக்கப்பெற்ற கொடைச்சாசனங்களிற் பல, தானத்தார் கொடையாளருக்குச் சிலாசாசனம் செய்துகொடுக்கும் முறையில் அமைந்தவை. இறுதியில், ஸ்ரீவைஷ்ணவர்களின் பணிப்பின்படி எழுதப்பட்டது என்னும் குறிப்போடு, கோயிற்கணக்கன் திருநின்றவூருடையானின் எழுத்து எனக் கையொப்பம் காணப்பெறும். இங்குச் சொல்பவர் தானத்தார், பணித்தவர் ஸ்ரீவைஷ்ணவர், பயன் கொள்பவர் கொடையாளர், எழுதியவர் கணக்கர், உளி பிடித்தவர் பெயரின்றி நிற்கும் கல்தச்சர். பொறுப்பு இவ்வாறு பகிரப்பட்டு, ஒவ்வொரு பங்கும் (தச்சர் ஒருவர் நீங்கலாக) வாசகத்திலேயே சுட்டப்படுகின்றது. இன்றைய ஆய்விதழ்கள் பல இத்துணைத் தெளிவை எட்டவில்லை.

சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. திருநின்றவூருடையான் என்பது ஒருவரின் இயற்பெயரன்று; வழிவழியாகக் கணக்குப் பணி பார்த்தோர் தாங்கிய பெயர். தலைமுறைகள் பலவற்றில் அதே கையொப்பம் வருவதற்கு இதுவே காரணம். இன்றைய கணிப்பொறித் தரவுத்தளம் ஒன்றில் இச்சாசனங்களை ஏற்றினால், வியத்தகு நீள் ஆயுளும் நூற்றுக்கணக்கான ஆக்கங்களும் உடைய தனியோர் ஆசிரியரை அது நமக்குக் காட்டும். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இப்பிழை இன்றும் நிகழ்வதே. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைக்கின்றனர். தெலுங்கர் குடும்பப்பெயரை முன்வைக்கின்றனர். மேனாட்டு அட்டவணையோ இறுதியில் நிற்கும் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்கின்றது. பிள்ளை, சாஸ்திரி, ராவ் என்னும் தலைப்புகளின் கீழ்த் தொடர்பற்ற பலர் ஒருவராகின்றனர். ஒலிபெயர்ப்பு வேறுபாட்டால் ஒருவரே மூவராகவும் ஆகின்றார். ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் 16 இலக்க அடையாள எண் வழங்கும் ஆர்க்கிட் அமைப்பு 2012இல் தொடங்கப்பெற்றது இக்குழப்பத்தை நீக்கவே. மறைந்த அறிஞர்களுக்கு அது உதவாது.

தாள்ளப்பாக்கம் புலவர்களின் செப்பேடுகளும் ஈண்டு நினைக்கத்தக்கவை. அன்னமாசாரியர், அவர் மகன் பெத்த திருமலாசாரியர், பெயரன் சின்னத் திருமலாசாரியர் ஆகிய மூவரும் வேங்கடேசன் பெயரையே முத்திரையாகக் கொண்டு பாடினர். இறைவன் பெயர் நிற்கும் இடத்தில் புலவன் பெயருக்கு இடமில்லை. யார் பாடல் எது என்பதைச் செப்பேட்டில் உள்ள குறிப்புகளைக் கொண்டே பதிப்பாசிரியர்கள் பிரித்தனர். அன்னமாசாரியர் பாடியவை 32,000 என்று குடும்ப வரலாறு கூறும். இன்று கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவே.

மதிப்பெண்ணின் கணக்கு

மேற்கோள்களை எண்ணித் தகுதி காணும் வழக்கம் யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையோடு வலுப்பெற்றது. ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்த ‘எச்’ குறியீடு அதனை ஒரே எண்ணாகச் சுருக்கியது: ஒருவருடைய கட்டுரைகளுள் குறைந்தது பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் மேற்கோளாகி, பதினொன்றுக்கு அந்நிலை இல்லையாயின், அவர் குறியீடு 10. வாழ்நாள் முழுதும் உழைத்து ஒரே பேரகராதியோ ஒரே சாசனத் தொகுதியோ தந்தவர்க்கு, அது ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும், இக்குறியீடு 1 தான்.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. 2010ஆம் ஆண்டு விதிகளின்படி, கூட்டாக எழுதிய கட்டுரையின் மதிப்பெண்ணில் 60 விழுக்காட்டை முதலாசிரியரும் முதன்மை ஆசிரியர் அல்லது நெறியாளரும் சமமாகவும், எஞ்சிய 40 விழுக்காட்டை ஏனையோர் சமமாகவும் பகிர்ந்தனர். எத்துணைப் பேர் சேரினும் மொத்தம் நூறே. 2018ஆம் ஆண்டு விதிகள் இதனை மாற்றின. இருவர் எழுதினால் இருவருக்கும் தலா 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70, ஏனையோர் ஒவ்வொருவர்க்கும் 30. மொழி, கலைப்புலங்களில் ஏற்கப்பட்ட இதழ்க் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படை மதிப்பெண் 10. தனியே எழுதினால் 10; இருவர் எழுதினால் மொத்தம் 14; மூவராயின் 13; நால்வராயின் 16; பதின்மராயின் 34. கட்டுரை அதேதான், பெயர் கூடக் கூட (மூன்றாமவர் வரவு நீங்கலாக) மொத்தம் வளர்கின்றது. உழைக்காதவர் பெயரைச் சேர்க்கும் பழக்கத்துக்கு இக்கணக்கு தூண்டுகோலாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இம்மதிப்பெண்ணே இணைப்பேராசிரியர் பதவிக்கு 75, பேராசிரியர் பதவிக்கு 120 எனக் குறைந்த தகுதியாகவும் வகுக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பாளர் நிலையைக் காண்போம். அதே 2018 விதிகளில் மொழிபெயர்ப்பு நூலுக்கு 8, மொழிபெயர்த்த கட்டுரை அல்லது இயலுக்கு 3. தேசியப் பதிப்பகம் வெளியிடும் சொந்த நூலுக்கு 10. பன்னாட்டுப் பதிப்பகமாயின் 12. ஆக, நூற்றுக்கணக்கான சாசனங்களை மொழிபெயர்த்த தொகுதி 8 மதிப்பெண் பெற, அத்தொகுதியிலிருந்து நான்கு சாசனங்களை எடுத்து எழுதிய பத்துப் பக்கக் கட்டுரை 10 பெறும். மொழிபெயர்த்தலை நூல்வகையுள் வைத்த தொல்காப்பியர் இவ்வரிசையை ஏற்றிருக்கமாட்டார் என்பது என் துணிபு.

பங்கினைப் பெயரிடல்

இயற்பியலில் இந்நோய் வேறு வடிவங் கொண்டது. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வெளிவந்த கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்ப்பட்டியலும் நிறுவனப் பட்டியலுமே. இத்தகைய நிலையில் ஆசிரியர் என்னும் ஒற்றைச் சொல்லைக் கைவிட்டு, இன்னார் இன்ன பணி செய்தார் எனப் பிரித்துரைக்கும் ‘கிரெடிட்’ என்னும் வகைப்பாடு உருவாயிற்று. கருத்துருவாக்கம், தரவுப் பேணல், மென்பொருள், மேற்பார்வை, முதல் வரைவு எழுதல் முதலாக 14 பங்குகள் அதில் உள. 2022இல் அது அமெரிக்கத் தர நிறுவனத்தின் தரமாகவும் ஏற்கப்பட்டது. அப்பதினான்கனுள் மொழிபெயர்ப்பு இல்லை. மூலபாடம் துணிதலும் இல்லை. மொழித்தரவு அளிப்பவர்க்கும் தனி இடம் இல்லை.

இறுதியிற் சொன்னது மொழியியலார்க்கு மிக நெருக்கமான குறை. எமனோ 1940களில் வெளியிட்ட கோத்தர் மொழிக் கதைத்தொகுதிகள் சுள்ளி என்னும் கோத்தர் கூறியவற்றைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டவை. கதையும் மொழியும் சுள்ளியுடையவை. எழுத்துப்பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பகுப்பாய்வும் எமனோவுடையவை. நூலகப் பட்டியலில் ஆசிரியர் எமனோ. எமனோ தம் துணைவரின் பெயரை மறைக்கவில்லை. பட்டியலின் வடிவம்தான் அதனை ஏற்கவில்லை. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் பெயர்கள் அகரவரிசையில் நிற்பதைக் கண்டு, முன்னிற்பவர் பங்கு மிகுதி என முடிவு செய்வதும் தவறாகும். பெயர் வரிசைக்குத் துறைதோறும் பொருள் வேறு.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியராதற்கு விதிக்கும் நான்கு கட்டளைகளுள் ஒன்று, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருதல். மற்றொன்று, நூல் முழுமைக்கும் பொறுப்பேற்றல். மைப்படி எடுத்தவரோ கதை சொன்னவரோ இவற்றுக்கு உட்படார். ஆதலின் அவர்களை ஆசிரியர் எனக் கூறல் பொருந்தாது. பெயர் சுட்டாது விடுதலும் பொருந்தாது. பதிப்புகளின் முகப்பின் பின்பக்கத்தில் படி எடுத்தவர், வாசித்தவர், மொழிபெயர்த்தவர், சரிபார்த்தவர் என நான்கு வரிகள் அச்சிட ஆகும் செலவு மிகச் சிறிது.

சாசனங்களைச் சுட்டும் முறையிலும் மாற்றம் எளிதே. தேவஸ்தானக் கல்வெட்டுகள், தொகுதி 1, எண் இன்னது என நிறுத்தாமல், சாது சுப்பிரமணிய சாஸ்திரி வாசிப்பு, 1931 என ஒரு தொடரைச் சேர்க்கலாம். ஆங்கில வடிவத்தை மட்டும் பார்த்திருப்பின் அவருடைய மொழிபெயர்ப்பு என எழுதுக. கல்லையோ மைப்படியையோ நேரிற் கண்டு வாசிப்பைத் திருத்தியிருப்பின், எச்சொல்லில் எவ்வெழுத்தை யார் திருத்தினார் என்பதையும் குறிக்கவேண்டும். அவ்வாறு குறித்தாலன்றி, அடுத்து வருபவர் திருத்தத்தையும் மூலம் என்றே கொள்வர்.