வேதாளத்தின் இறுதி வினா

விக்கிரமாதித்தன் கதையை இளமையிற் படித்தோர் நெஞ்சில் நிலைப்பவை முருங்கைமரமும் அதில் தொங்கும் வேதாளமுமே. (11ஆம் நூற்றாண்டிற் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அம்மரம் முருங்கையன்று, சிம்சபை.) முதிர்ந்தபின் மீண்டும் படிப்போர் காண்பது வேறு. துறவியொருவன் வேண்டுகோளின்படி பிணத்தைச் சுமக்கும் அரசன், அதனுட் புகுந்த வேதாளத்தின் வினாவுக்கு விடையறிந்தும் பேசாதிருப்பின் தலை வெடிக்கும். பேசின் வேதாளம் மரமேறிவிடும். அறிவே அவன் உழைப்பை வீணாக்குகின்றது! சிறுவர்க்கு இது வெறும் வேடிக்கை.

சோமதேவர் நூலில் இறுதி வினா விந்தையானது. ஒருவன் ஒரு பெண்ணையும், அவன் மைந்தன் அப்பெண்ணின் தாயையும் மணக்கின்றனர். இவர்கள் மக்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விடையறியாத மன்னன் மௌனமாய் நடக்கின்றான். வேதாளமோ அவனை இகழவில்லை. மகிழ்ந்து, அத்துறவியின் கொலைச் சூழ்ச்சியை அவனுக்கு உரைக்கின்றது.