சுட்டவர்களே காவலர்கள் ஆனார்கள்... பலுசிஸ்தான் மலையில் காட்டுச் செம்மறிகள் தப்பிய கதை!

ஒரு காட்டு ஆட்டைச் சுடுவதற்காக வெளிநாட்டுக்காரர் ஒருவர் பல ஆயிரம் டாலர் கட்டிவிட்டு மலையேறுகிறார். அவருக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகிறவர் யார் தெரியுமா? வருடம் முழுக்க அதே ஆடுகளைக் காவல் காக்கச் சம்பளம் வாங்குபவர்!

கேட்கவே முரணாக இருக்கிறது, இல்லையா? ஆனால், பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில் உள்ள தோர்கர் மலையில் இது ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய ஏற்பாடு. பஷ்தோ மொழியில் 'தோர்கர்' என்றால் 'கறுப்பு மலை'. கிலா சைஃபுல்லா மாவட்டத்தில், மழை குறைந்த, செங்குத்தான பாறைகள் நிறைந்த வறண்ட மலைத்தொடர் இது. இங்கே வாழ்பவர்கள் பஷ்தூன் இனத்தின் காக்கர் பழங்குடியினர். ஆடு மேய்ப்பதுதான் முக்கியத் தொழில்.

துப்பாக்கி வந்தது... ஆடு போனது!

இந்த மலையின் பூர்வகுடிகள் இரண்டு விலங்குகள். ஒன்று, திருகிய கொம்புள்ள மார்க்கோர் என்ற காட்டு வெள்ளாடு. பாகிஸ்தானின் தேசிய விலங்கு. இன்னொன்று, வளைந்த கொம்பும் கழுத்தில் தாடிபோலத் தொங்கும் முடியும் கொண்ட யூரியல் என்ற காட்டுச் செம்மறி.

1979-ல் ஆப்கானிஸ்தானில் போர் மூண்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் தானியங்கித் துப்பாக்கிகள் தாராளமாகக் கிடைத்தன. அதுவரை பழைய துப்பாக்கியோடு எப்போதாவது வேட்டைக்குப் போனவர்கள், கண்ணில் பட்டதையெல்லாம் சுட முடிந்தது. சில ஆண்டுகளிலேயே இரண்டு விலங்குகளும் அரிதாகிவிட்டன.

வேட்டைக்காரருக்கே காவல் வேலை

கவலைப்பட்டவர், பழங்குடித் தலைவரான நவாப் தைமூர் ஷா ஜோகேசாய். அமெரிக்க வனவிலங்கு நிபுணர்களிடம் அவர் தரப்பு ஆலோசனை கேட்டது. கிடைத்த யோசனை எளிமையானது. உள்ளூர்க்காரர்கள் வேட்டையை நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக அவர்களில் சிலருக்கே காவலர் வேலை தர வேண்டும். அந்தச் சம்பளத்துக்கான பணத்தை, வருடத்துக்கு ஒரு சில வயதான கிடாக்களை மட்டும் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் சுட அனுமதித்துத் திரட்ட வேண்டும்.

1980-களின் நடுவில் 7 காவலர்களோடு வேலை தொடங்கியது. ஆட்டின் தடம், தண்ணீர் குடிக்கும் இடம், ஒளியும் பாறை என எல்லாம் தெரிந்தவர்கள் முன்னாள் வேட்டைக்காரர்கள்தானே! அந்த அறிவு இப்போது காவலுக்குப் பயன்பட்டது. 1994-ல் இதற்கென ஒரு சங்கமும் பதிவு செய்யப்பட்டது.

பலன்? 1994 கணக்கெடுப்பில் சுமார் 1,200 ஆக மதிப்பிடப்பட்ட யூரியல்கள், 2005-ல் 3,000-ஐத் தாண்டின. மார்க்கோரும் பெருகியது.

வேட்டை எப்படி நடக்கிறது?

பணம் கட்டிவிட்டால் மட்டும் இஷ்டத்துக்குச் சுட்டுவிட முடியாது. அரசு அனுமதி வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தப்படி, கொம்பை ஊருக்கு எடுத்துப்போகத் தனிச் சான்றிதழ் வேண்டும். மார்க்கோரைப் பொறுத்தவரை, அந்த ஒப்பந்தம் 2002-ல் பாகிஸ்தான் முழுமைக்கும் சேர்த்து வருடத்துக்கு 12 என்று வரம்பு வைத்தது.

மலையில் முடிவெடுப்பவர் வழிகாட்டிதான். விடியலிலேயே எதிர்ச்சரிவில் உட்கார்ந்து தொலைநோக்கியில் மந்தையைத் தேடுவார். கிடாவின் கொம்பில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். அதை எண்ணி வயதைக் கணிப்பார். இளம் கிடா என்றால் அனுமதி கிடையாது. பெட்டை பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே கூடாது. காற்று திசை மாறினால் மனித வாடை பட்டு மந்தை ஓடிவிடும். அப்புறம் அடுத்த மலைக்கு நடக்க வேண்டியதுதான்.

பணம் யாருக்குப் போகிறது?

இந்தக் கதையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். தோர்கரில் வேட்டைக் கட்டணத்தின் ஒரு பகுதி அரசுக்கும், மீதி சங்கத்துக்கும் போகிறது. காவலர் சம்பளம் போக, தண்ணீர்த் தொட்டி, கிணறு போன்ற ஊர்த்தேவைகளுக்கும் அது உதவியிருக்கிறது. வடக்கே கில்கிட் பால்டிஸ்தான் பகுதியில் நடக்கும் இதே மாதிரித் திட்டத்தில் 80 சதவிகிதம் ஊருக்கு, 20 சதவிகிதம் அரசுக்கு.

ஊருக்குப் பணம் வரும்வரை காட்டு ஆடு ஒரு சொத்து. வராவிட்டால்? தன் ஆடுகளின் புல்லைத் தின்னும் போட்டியாளர், அல்லது ஒருநாள் கறி. வெளிநாட்டுக்காரர்களின் பாதுகாப்புப் பயத்தை நம்பி காவலர் குடும்பத்தின் அடுப்பு எரிவது இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம்.

கொம்பிலும் ஒரு சிக்கல்

பெரிய கொம்புள்ள கிடாவையே தேடிச் சுட்டால் என்ன ஆகும்? கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராம் மலையில் வாழும் பிக்ஹார்ன் காட்டுச் செம்மறிகளை விஞ்ஞானிகள் ஏறக்குறைய 30 ஆண்டுகள் கவனித்தார்கள். பெரிய கொம்பு கிடாக்கள் இனப்பெருக்கத்துக்கு முன்பே சுடப்பட்டதால், தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு சிறுத்துப்போனது என்று 2003-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வளையம் எண்ணி வயதான கிடாவை மட்டும் காட்டுகிற வழிகாட்டி ஏன் முக்கியம் என்பது இதில் புரியும்.

இந்தியா வேறு வழியில் போகிறது. இங்கே லடாக்கில் யூரியலின் உறவான 'ஷாப்பு' வாழ்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அனுமதி இல்லை.

'காப்பாற்றுவதற்காகக் கொல்வதா?' என்ற கேள்வி நியாயமானதுதான். அதே சமயம், தோர்கரில் கொலையை நிறுத்தியது வெறும் தடை உத்தரவு அல்ல. துப்பாக்கி வைத்திருந்தவருக்குக் கிடைத்த மாதச் சம்பளம். வேட்டையை எதிர்ப்பவர்களும் அந்தச் சம்பளத்துக்கு மாற்றுவழி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.