நிபந்தனை இல்லாத அன்பு

பணமும் புகழும் வந்துவிட்டால் மகிழ்ச்சி தானாக வரும் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு ஆரம்பமான ஓர் ஆய்வின் கதையைக் கேளுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களும் பொஸ்டன் நகரின் வறிய வீட்டுச் சிறுவர்களுமாக 724 பேரின் வாழ்க்கையை ஆய்வாளர்கள் முதுமை வரை தொடர்ந்து கவனித்தார்கள்.

முடிவு என்ன? 50 வயதில் உறவுகளில் மனநிறைவு கண்டிருந்தவர்களே 80 வயதில் கூடிய ஆரோக்கியத்தோடு இருந்தார்கள்.

அப்படியானால் அவர்கள் சண்டையே பிடிக்காதவர்களா? இல்லை. தள்ளாத வயதிலும் ஓயாமல் தர்க்கித்துக்கொண்ட தம்பதியர் இருந்தார்கள். ஆனால் 'கஷ்டம் வந்தால் இவர் என்னைக் கைவிடமாட்டார்' என்ற நம்பிக்கை உள்ளவர்களின் ஞாபகசக்தியை அந்தச் சச்சரவுகள் பாதிக்கவில்லை.

அந்த நம்பிக்கையைத் தருவதுதான் நிபந்தனையற்ற அன்பு. தவறைக் கண்டிக்காமல் விடுவதல்ல அது. கண்டிக்கும்போதும் அன்பைத் திருப்பி எடுக்காதிருப்பது.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். பரீட்சையில் புள்ளி குறைந்த அன்று உங்கள் பிள்ளை வாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறதா? சம்பளம் குறைந்த மாதத்தில் கணவர் உங்களோடு பேசத் தயங்குகிறாரா? அப்படியென்றால் நீங்கள் அறியாமலே உங்கள் அன்பில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை இன்றே அகற்றிவிடுங்கள்.